முதல் பாகத்தில் ஓட முடியாது

டயாப்லோ என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தின் முதல் பாகத்தில் ஓட முடியாது. நடக்கத்தான் முடியும். கொல்லன் பட்டறையிலிருந்து ஆற்றைத் தாண்டிச் சூனியக்காரியின் குடிசைக்குப் போக வேண்டுமென்றால், சுட்டியைத் தட்டிவிட்டு நிதானமாகத் தேத்தண்ணி குடிக்கலாம். குடித்து முடித்துப் பார்த்தால் நம் ஆள் இன்னும் பாதி வழியில்தான் இருப்பான். நரகமே பின்னால் துரத்திக்கொண்டு வந்தாலும், பென்சன் வாங்கியவர் கோயிலுக்குப் போகிற நடைதான் அவனுக்கு.

"ஓடவே முடியாதுன்னா எப்படி மாமா வெளாடுனீங்க?" என்று அக்கா மகன் கேட்டான். அவனுக்குப் பதினாறு வயது. அவன் ஆடுவது இரண்டாம் பாகம். அதில் 'ஆர்' விசையைத் தட்டினால் ஓட்டம், மறுபடி தட்டினால் நடை.

"எங்க ஊர்ல யாரும் ஓடமாட்டாங்கடா" என்றேன்.

ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் அடிக்கவில்லை. இரண்டு வாளி ரப்பர் பாலைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருகிறவர் ஓட முடியாது. ஓடினால் பால் சிந்தும், சிந்தினால் நிறுவையில் குறையும், குறைந்தது சம்பளத்தன்று தெரியும். என் அம்மா முப்பது வருடம் ஓடாமல் நடந்தவர்.

நான் பிறந்தது ஜாசின் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாக ரப்பர் நட்டது எங்கள் மலாக்காவில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் போட்ட தோட்டம் அது. ஆக, ரப்பர் என்கிற ஆட்டத்தின் முதல் பாகம் வெளியான ஊர்க்காரர்கள் நாங்கள். அதன் இரண்டாம் பாகம் செம்பனை. அதுவும் பிறகு எங்கள் ஊருக்கு வந்தது. மூன்றாம் பாகத்தின் பெயர் தாமான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1998இல் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ரிங்கிட் விழுந்து எழுந்திருக்கத் தெரியாமல் கிடந்த வருடம். செப்டம்பரில் அரசாங்கம் ஒரு அமெரிக்க டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கயிறு போட்டுக் கட்டியது. புதுக் கம்ப்யூட்டரை விலை கேட்கவே பயமாக இருந்தது. அக்கா பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விடியும் முன்னே கிலாங் பஸ், அதாவது தொழிற்சாலை பஸ், எங்கள் சடக்கு முனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அதே நேரத்தில்தான் அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்புவார். ஒரே வீட்டிலிருந்து ஒரு பெண் காட்டுக்குள்ளும் இன்னொரு பெண் குளிரூட்டிய அறைக்குள்ளும் வேலைக்குப் போன காலம். ஓவர்டைம் காசைச் சேர்த்து, வேலையை விட்டுப் போகிற ஒருவரிடமிருந்து ஒரு பழைய பென்டியத்தை அக்கா வாங்கி வந்தார். "தம்பி படிப்புக்கு" என்றுதான் அப்பாவிடம் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரில் நான் படித்தது எதுவும் இப்போது ஞாபகம் இல்லை.

தோட்டத்தில் இன்ஜின் கரண்டு. மாலை ஆறு மணிக்கு வரும், இரவு பத்துக்கு நிற்கும். பத்தாவதற்குக் கொஞ்சம் முன்பு பல்பு ஒரு முறை கண்ணைச் சிமிட்டும். இன்ஜின் பார்க்கிறவர் கொடுக்கிற எச்சரிக்கை அது. தாய்மார்கள் அந்தச் சிமிட்டலுக்குப் பால் சட்டியை மூடுவார்கள். நான் ஆட்டத்தை சேவ் பண்ணுவேன்.

ஆட்டத்தின் தட்டு ஜாசின் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கிடைத்தது. ஐந்து வெள்ளி. மேல் அட்டை ஜெராக்ஸ். அசல் விலை என்ன என்று எங்களுக்குத் தெரியாது. அசல் என்று ஒன்று இருப்பதே பிறகுதான் தெரியும். அமெரிக்காவில் 1996 முடிந்து 1997 பிறக்கிற நேரத்தில் வெளியான ஆட்டம், ஒன்றரை வருடத்தில் மிளகாய்த்தூள் கடைக்கும் உள்பாவாடைக் கடைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

செய்தவர்கள் கலிபோர்னியாவில் பிளிசார்ட் நார்த் என்ற சின்னக் குழு. அதன் தலைகளில் ஒருவரான டேவிட் பிரெவிக், இளவயதில் தான் குடியிருந்த ஊருக்குப் பக்கத்து மலையின் பெயரை ஆட்டத்துக்கு வைத்தார். டயாப்லோ என்றால் ஸ்பானிய மொழியில் பிசாசு. மலைப் பெயரை வைப்பது நமக்கொன்றும் புதிதில்லை. செங்கில் சன்னாசிமலை ஆண்டவரைக் கும்பிடுகிறவர்கள்தானே நாம். முதலில் இதைப் பல்லாங்குழி மாதிரி, நீ ஒரு முறை நான் ஒரு முறை என்று மாற்றி மாற்றி ஆடும் ஆட்டமாகத்தான் பிரெவிக் திட்டமிட்டிருந்தார். காத்திருக்காமல் அந்தந்த நிமிடமே அடித்துக்கொள்ளலாமே என்று கூட இருந்தவர்கள் நச்சரித்தார்கள். அவருக்கு இஷ்டமில்லை. ஆனாலும் ஒரு மதியம் உட்கார்ந்து மாற்றிப் பார்த்தார். தட்டியதும் அடி விழுந்தது. மீதி சரித்திரம்.

இந்த வகை ஆட்டத்துக்கு ரோல் பிளேயிங் என்று பெயர். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் வேடம் கட்டுவது. எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் வருடா வருடம் அரிச்சந்திரன் வேடம் கட்டிய மாமா, மறுநாள் காலை பெரட்டில் அதே கம்பீரத்தோடு நிற்பார். கணக்கெழுதும் கிராணி திட்டினாலும் மயானத்தில் நிற்கிற முகத்தோடு கேட்டுக்கொள்வார். டயாப்லோவில் மூன்று வேடம்: வீரன், வில்காரி, மந்திரவாதி. நான் வீரன்.

இனி ஊரைச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் இருப்பது ஒரே ஊர்தான். பெயர் டிரிஸ்ட்ரம். ஒரு சாராயக்கடை, ஒரு வைத்தியர், ஒரு கொல்லர், கதை சொல்லும் ஒரு கிழவர், எப்போதும் போதையில் கிடக்கும் ஒருவர், ஆற்றுக்கு அப்பால் ஒரு சூனியக்காரி, நாலைந்து மாடு. ஊர்க் கோடியில் ஒரு பாழடைந்த தேவாலயம். அதன் அடியில் 16 அடுக்கு. கடைசி அடுக்கில் பிசாசு. முதல் நாள் அந்த ஊருக்குள் நடந்தபோது எனக்குப் புது இடமாகவே தெரியவில்லை. எங்கள் தோட்டத்துக்கு யாரோ வெள்ளைக்கார வேடம் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

வைத்தியர் பெப்பின், கிட்டே போய்ப் பேசினாலே காயத்தை ஆற்றிவிடுவார். காசு கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரி டிரெசரும் காசு வாங்கமாட்டார். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணியை ஊற்றிக் கொடுப்பார். அதிசயம், ஆறிவிடும். குடிகாரர் ஃபார்ன்ஹம் உட்கார்ந்திருந்த இடத்தையும் தோரணையையும் பார்த்ததும், கள்ளுக்கடைத் திண்ணையில் இருக்கும் எங்கள் பெரியவர் ஒருவர் சம்பளம் வாங்காமல் நடித்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். வர்ட் என்று ஒற்றைக்கால் பையன் ஒருவன், ஊருக்கு வெளியே நின்று கள்ளச் சரக்கு விற்பான். 50 பொன் கொடுத்தால்தான் என்ன வைத்திருக்கிறான் என்றே காட்டுவான். பார்த்துவிட்டு வாங்காமல் போனாலும் அந்த 50 திரும்பாது. தட்டை ஓட்டிக் காட்டமாட்டேன் என்று அடம்பிடித்த பாசார் மாலாம் வியாபாரி எனக்கு உடனே ஞாபகம் வந்தார்.

கிழவர் பெயர் கெயின். எந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போனாலும் அது என்ன, யாருடையது என்று சொல்வார், 100 பொன்னுக்கு. உட்காரச் சொல்லிப் பழங்கதை பேசுவதென்றால் மட்டும் இலவசம். யார் உட்கார்ந்தார்கள்? எஸ்கேப் விசையைத் தட்டினால் கதை நின்றுவிடும். நான் ஒரு கதையும் முழுதாகக் கேட்டதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு கெயின் இருந்தார். தாத்தா 1943இல் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒருவர். திரும்பி வந்தவர்களிலும் ஒருவர். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, வெற்றிலையை இடித்துக்கொண்டே, "அந்தக் காட்டுல மழை பேஞ்சா எப்படித் தெரியுமாய்யா..." என்று தொடங்குவார். ஆறு மணிக்குக் கரண்டு வரும். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அந்த மழை எப்படிப் பெய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதே வருடம் பள்ளியிலிருந்து மலாக்கா நகரத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். செயின்ட் பால் குன்றின் மேலே 1521இல் போர்த்துக்கீசியர் கட்டிய தேவாலயம், இப்போது கூரை இல்லாமல் நிற்கிறது. சுவர் ஓரமாக ஆள் உயரக் கல்லறைப் பலகைகள். நடுவில், 1553இல் புனித பிரான்சிஸ் சேவியரின் உடலைக் கொஞ்ச காலம் வைத்திருந்த குழி, கம்பி வலை போட்டு மூடியபடி. மற்றப் பிள்ளைகள் கீழே தெரிந்த கடலைப் பார்த்தார்கள். நான் கம்பி வலைக்குள் எட்டிப் பார்த்து, கீழே இறங்கும் படி எங்கே இருக்கிறது என்று தேடினேன். வரலாற்று ஆசிரியர் என் ஆர்வத்தைப் பார்த்து அசந்து போனார். அந்தத் தவணை அறிக்கை அட்டையில் 'வரலாற்றில் நாட்டமுள்ளவர்' என்று எழுதியிருந்தது.

இரண்டாவது அடுக்கில் கசாப்புக்காரன் ஒருவன் இருக்கிறான். கதவைத் திறந்தால் தரையெல்லாம் ரத்தம். திறந்த மறுநொடி அவன் கத்தியோடு வருவான், நம்மால் ஓட முடியாது. மூன்று வாரம் அந்தக் கதவிலேயே செத்தேன். நான்காவது வாரம் ஒரு சனிக்கிழமை, அவன் உயிர் நூலளவுக்கு வந்த நேரத்தில் பல்பு கண்ணைச் சிமிட்டியது. சேவ் பண்ணவா, வெட்டவா? வெட்டினேன். விழுந்தான். இன்ஜின் நின்றது. திரை இருண்டது. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவன் மறுபடி உயிரோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். சேவ் பண்ணாத உழைப்புக்குக் கூலி இல்லை. மழை வந்து மரத்து மங்கில் பால் கரைந்துபோன நாளில் அம்மா சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

இரண்டாம் பாகம் 2000ஆம் வருடம் ஜூன் கடைசியில் வந்தது. முதல் பாகம் ஒரு தட்டு, இது மூன்று தட்டு. எங்கள் பென்டியம் அதைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது. ஜாசினில் ஒரு கடைவீட்டு மாடியில் சைபர் கபே திறந்திருந்தார்கள். பள்ளி விட்டதும் அங்கே போனோம். அங்கே பத்து மணிக்குக் கரண்டு நிற்காது. காசு தீர்ந்தால்தான் நிற்கும்.

நான் இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் பாகத்து ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. இரண்டாம் பாகம் எல்லா வகையிலும் நல்ல ஆட்டம். ஓடலாம். ஒரு ஊருக்குப் பதில் நான்கு தளம், அடுத்த வருடம் வந்த விரிவாக்கத்தோடு ஐந்து. மூன்று வேடத்துக்குப் பதில் ஐந்து, பிறகு ஏழு. வழித்தளக் கல்லில் கால் வைத்தால் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரலாம். எங்களுக்கு 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வந்தது மாதிரி. முதல் பாகத்தில் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், இதில் எட்டுப் பேர். சைபர் கபேயில் நாங்கள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்தால் மூன்று இனமும் அதில் இருக்கும். ஒற்றுமை நாட்டுப் பாடப்புத்தகத்தில் சொன்ன அளவுக்குத்தான் இருந்தது. பிசாசு செத்து நல்ல வாள் ஒன்று தரையில் விழுந்தால் முதலில் தட்டுகிறவனுக்குத்தான் அது. அந்த நொடியில் எட்டுப் பேரும் அவரவர் தாய்மொழிக்குத் திரும்புவோம்.

காசு விஷயத்தைப் பாருங்கள். முதல் பாகத்தில் 5,000 பொன் சேர்ந்தால் பையில் ஒரு கட்டம் போய்விடும். வைக்கப் பெட்டி கிடையாது. அதனால் எல்லாரும் ஊர் நடுவில் தரையிலேயே பொன்னைக் குவித்து வைப்போம். குடிகாரர் முதல் சூனியக்காரி வரை ஒருவரும் தொடமாட்டார்கள். தோட்டத்தில் கதவைப் பூட்டாமல் தூங்கிய காலத்தைப் பற்றி இன்று கண் கலங்கப் பேசுகிறவர்கள் உண்டு. நானும் பேசியிருக்கிறேன். பூட்டாததற்குக் காரணம் எங்கள் நேர்மை மட்டுமில்லை. உள்ளே எடுத்துப் போக ஒன்றும் இல்லை. இரண்டாம் பாகத்தில் பெட்டி வந்தது. கூடவே, வழியெல்லாம் பூட்டிய பேழைகளும் அவற்றைத் திறக்கச் சாவியும் வந்தன.

முதல் பாகத்தில் வீரனும் புத்தகம் படித்து மந்திரம் கற்கலாம். மந்திரப் புள்ளி கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவுதான். என் வாள்வீரன் நெருப்புப் பந்தும் எறிவான். தோட்டத்து ஆண்கள் மாதிரி: பால் வெட்டுவார், கூரை வேய்வார், மேளம் அடிப்பார், பிள்ளைக்கு முடி வெட்டுவார். இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு வேடத்துக்கும் முப்பது திறன். மூன்று கிளையாகப் பிரித்த மரம். புள்ளியை ஒரு கிளையில் போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. அந்த வருடம் நான் படிவம் நான்கு. அறிவியலா, கலையா என்று பள்ளியில் பாரம் கொடுத்திருந்தார்கள். மரத்திலும் பாரத்திலும் ஒரே வாரத்தில் புள்ளி போட்டேன், இரண்டிலும் தப்பாகப் போட்டேன். 2010இல் ஆட்டத்தைத் திருத்தி, போட்ட புள்ளிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். பாரத்துக்கு அப்படி ஒரு திருத்தம் வந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு வசதி, கூலிக்கு ஆள். இரண்டாம் பாகத்தில் காசு கொடுத்து ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம். நமக்கு முன்னால் நின்று அடி வாங்குவார். விரிவாக்கம் வந்த பிறகு, செத்தால் காசு கட்டி எழுப்பலாம். அவரோடு பேச்சு வார்த்தை கிடையாது. முதல் பாகத்தில் இந்த ஏற்பாடே இல்லை. அவரவர் அடியை அவரவரே வாங்க வேண்டும். நான் முதல் ஆளைக் கூலிக்கு எடுத்த அந்த வருடங்களில்தான் எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்ட இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஒப்பந்தத்துக்கு ஆள் வரத் தொடங்கினார்கள். பெரட்டில் அவர்கள் தனி வரிசை. அவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் தாத்தாக்களும் இப்படி ஒரு தனி வரிசையாகத்தான் வந்து இறங்கினார்கள் என்பதும் தோன்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் பாகத்தில் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே கெயினை மீட்டு வா என்று ஒரு வேலை கொடுப்பார்கள். ஒரு மரத்திலிருந்து சுருளை எடுத்து, வெட்டவெளியில் நிற்கும் ஐந்து கல்லை வரிசைப்படி தொட்டால் ஒரு வாசல் திறக்கும். எங்கே போகும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் உள்ளே கால் வைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. டிரிஸ்ட்ரம். வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. கெயின் ஒரு கூண்டில் தொங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வாள் தீட்டிக் கொடுத்த கொல்லர் கிரிஸ்வோல்ட் நடைப்பிணமாகி என்னையே வெட்ட வந்தார். வர்ட் பையன் செத்துக் கிடந்தான். அவன் உடலைத் தட்டினால் குவியல் குவியலாகப் பொன் கொட்டியது. எல்லாம் நாங்கள் கொடுத்த ஐம்பதுகள். மேட் உல்மன் முதல் பாகத்து ஊருக்குப் போட்ட அதே கிடார் இசையை, ஒரு சுரம் மாற்றாமல் எரிகிற ஊருக்கும் போட்டிருந்தார்கள்.

கிழவரை இறக்கிக் கூட்டி வந்தால், அதற்குப் பிறகு பொருளை அடையாளம் சொல்ல அவர் காசு வாங்கமாட்டார். பெரியவர்களை மதித்தால் உருப்படிக்கு 100 பொன் மிச்சம் என்று கற்றுக்கொண்டேன். எங்கள் தாத்தா அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

ஊரை எரித்தது யார் என்பதுதான் இரண்டாம் பாகத்தின் கதை. முதல் பாகத்துக் கடைசியில் வீரன் பிசாசைக் கொன்று, அதன் நெற்றியிலிருந்த கல்லைப் பிடுங்கித் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்வான். பிசாசைத் தனக்குள் அடக்கி வைப்பதாக அவன் நினைப்பு. அடங்கவில்லை. ஊரை விட்டுக் கிழக்கே கிளம்புகிறான், போகிற வழியெல்லாம் நாசம். வில்காரி கெட்டுப்போய் இடுகாட்டில் பிணங்களை எழுப்பிக்கொண்டு திரிகிறாள். மந்திரவாதி பைத்தியம் பிடித்து வேறொரு மாயத் தளத்தில் உட்கார்ந்திருக்கிறான். முதல் பாகத்தில் நாம் கட்டிய மூன்று வேடமும் இரண்டாம் பாகத்தில் நாமே கொல்ல வேண்டிய எதிரிகள். பதினாறு வயதில் இதைக் கதையாசிரியரின் குறும்பு என்று நினைத்தேன்.

2003இல் தோட்டம் கைமாறியது. பெரட்டுக் களத்தில் ஒரு மேசை போட்டு, பெயர் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, காசோலை கொடுத்தார்கள். லயன் வீடுகளைக் காலி பண்ணத் தவணை வைத்தார்கள். அம்மா முதலில் விற்றது மாட்டை. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, கன்றோடு. பிடித்துக்கொண்டு போக லோரி வந்தபோது அது ஏறமாட்டேன் என்று நின்ற நிற்பை அம்மா இப்போதும் சொல்வார்.

ஆட்டத்திலும் மாட்டுக்கு ஒரு கதை உண்டு. டிரிஸ்ட்ரமில் சும்மா நிற்கும் மாட்டைச் சரியான எண்ணிக்கையில் தட்டினால் ரகசிய வாசல் திறக்கும் என்று முதல் பாகக் காலத்தில் ஒரு வதந்தி. நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன், மாடு கத்தும், அவ்வளவுதான். வதந்தியைக் கிண்டல் செய்து, அப்படி ஒரு தளமே இல்லை என்கிற வாசகத்தைத் தங்கள் இன்னொரு ஆட்டத்தில் குறுக்குவழிச் சொல்லாகவே வைத்தார்கள். அப்புறம் இரண்டாம் பாகத்தில் உண்மையிலேயே வைத்துவிட்டார்கள். செத்துப்போன வர்ட் பையனின் மரக்காலை எடுத்து வந்து, ஊருக்கு வாசல் திறக்கும் மந்திரப் புத்தகத்தோடு சேர்த்து மந்திரப் பேழையில் போட்டால் வாசல் திறக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான மாடு, இரண்டு காலில், கையில் கோடரியோடு. லோரி ஏறிய எங்கள் பசு அங்கேதான் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

நான் பாலிடெக்னிக்கில் நில அளவை படித்து, மலாக்காவில் ஓர் அளவை அலுவலகத்தில் சேர்ந்தேன். 2008 ஜூலையில் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஊரெல்லாம் பதாகை. அந்த மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஜாசின் பக்கம் ஒரு வேலை வந்தது. நிலத்தைத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, மனை பிரித்துக் கல் நட வேண்டும். வரைபடத்தை விரித்ததும் ஆற்றின் வளைவு தெரிந்தது. பிறகு மாரியம்மன் கோயிலுக்கு விட்டிருந்த சின்னச் சதுரம். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த இடத்தை அறிந்தவன் நான் ஒருவன்தான் என்று பெருமையாக வேனில் ஏறினேன். கருவியை மூன்றுகாலில் நிறுத்தி, ஆயாக் கொட்டகை இருந்த மேட்டையும் ஸ்டோர் இருந்த பள்ளத்தையும் கண்ணாடிக்குள் பார்த்து எண்ணாக மாற்றினேன். ஒரு வாரத்தில் முடிந்தது. நெற்றிக்கல் கதை குறும்பில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பழைய தோட்டத்து ஆட்கள் வருடத்துக்கு ஒரு முறை மண்டபம் எடுத்துச் சந்திக்கிறோம். அந்தக் காலம் மாதிரி வருமா என்று எல்லாரும் சொல்கிறோம். பிறகு குளிரூட்டியின் குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஃபேயில் நிற்கிறோம். போன வருடம் ஒருவர் உருகி உருகிப் பேசினார்: அதிகாலைப் பனி, பால்மர வாசம், ஒற்றுமை. அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "இவரு எப்ப மரம் வெட்டுனாரு? கிராணி மகன்தானே" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

2021இல் இரண்டாம் பாகத்தைப் புதுச் சித்திரத்தோடு மறுபடி வெளியிட்டார்கள். அக்கா மகன் ஆடுவது அதுதான். அதில் ஒரு விசித்திர வசதி: 'ஜி' விசையைத் தட்டினால் புதுப் படம் மறைந்து, 2000ஆம் வருடத்துப் பழைய படம் அப்படியே அடியிலிருந்து எழும். மறுபடி தட்டினால் புதுசு. போன மாதம் அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து கல்லையும் தொட்டான், வாசல் திறந்தது, உள்ளே போனான். அதே கிடார்.

"ஜி தட்டுடா" என்றேன்.

தட்டினான். கட்டம் கட்டமாகத் தெரிந்த பழைய தீ. "இது ரொம்ப மோசம் மாமா, ஒண்ணுமே தெரியல" என்று திரும்பத் தட்டிவிட்டான். அவன் சொன்னது சரி. புதியதில் தீ நாக்குகள் தனித்தனியாகத் தெரிகின்றன, கூண்டின் கம்பி துரு பிடித்திருப்பதும் தெரிகிறது. கெயின் பேசத் தொடங்கினார். அவன் எஸ்கேப்பைத் தட்டினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எந்தப் பாகம் நல்லது என்று கேட்டால், இரண்டாவது. சந்தேகமே வேண்டாம். ஆடுவதற்கும் அதுதான், வாழ்வதற்கும் பிறகு வந்ததுதான். அம்மாவுக்கு இப்போது தண்ணீர் குழாயில் வருகிறது, தோள் வலிக்கு வேறு வேறு நிறத்தில் மருந்து கிடைக்கிறது.

அக்கா மகன் உட்கார்ந்து ஆடும் அந்த வீடு, நான் கல் நட்ட தாமானில்தான் இருக்கிறது. அக்காவும் அத்தானும் அங்கே ஒரு நடு வீடு வாங்கினார்கள். எங்கள் லயன் இருந்த இடம் அவர்கள் வீட்டுக்கு இரண்டு மனை தள்ளி வருகிறது. எனக்குத் தெரியும், எல்லைக்கல் எண்ணோடு. தாத்தா வாடகை கொடுக்காமல் இருந்து செத்த மண்ணுக்கு அக்கா மாதா மாதம் வங்கியில் கட்டுகிறார். தவணை முடிய இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது.